மீன்பெட்டி ஐஸ்

பிரிஜாவை நான் உயிரோடு பார்த்ததில்லை. ஆன்ட்ரூஸுக்கு இரண்டாந்தாரமாக நான் அந்த வீட்டுக்குப் போனபோது அவள் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. முன்னறைச் சுவரில் மாதா படத்துக்குக் கீழே அவள் படம் மாட்டியிருந்தது. வெளுத்த முகம், சிரிக்கப் போய் பாதியில் விட்ட வாய். படம் வெயில் பட்டு நிறம் போயிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

எனக்கு இரணியல் பக்கம். வீட்டிலிருந்தால் ரயில் சத்தம் கேட்கும், கடல் சத்தம் கேட்காது. கல்யாணம் கூடிவந்தது முப்பத்தாறு வயதில். அதற்குள் மாதாமாதம் வருவது எனக்கு ஒரு தண்டனையாகவே ஆகியிருந்தது. ஈரல் துண்டு மாதிரி கட்டிகட்டியாகப் போகும். பஸ்ஸில் உட்காருமுன் துப்பட்டாவை மடித்துப் போட்டுக்கொண்டுதான் உட்காருவேன். அம்மாவிடம் சொன்னால், "நம்ம குடும்பத்துப் பொம்பளையளுக்கு எல்லாம் இப்படித்தான் மக்கா. கல்யாணம் ஆனா சரியாவும். ஆருகிட்டயும் சொல்லாத, கேட்டியா. வார மாப்பிள்ளயும் வராம போவான்" என்பாள். கல்யாணம் ஆனது. சரியாகவில்லை, கூடிற்று. நனைந்த துணியைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால், யார் கண்ணும் படாத கொடியில் காயப்போட்டேன். அந்தக் கொடியை நான் கட்டவில்லை. நான் போகும்போதே அது அங்கே இருந்தது.

ஆன்ட்ரூஸுக்கு மீன் வியாபாரம். கரையில் ஏலம் எடுத்து, முற்றத்தில் வைத்து ஐஸ் போட்டுப் பெட்டி கட்டி, கோட்டாற்றுச் சந்தைக்கு அனுப்புவார். ஐஸ் கட்டியாக வரும். டைட்டஸ் என்கிற பையன்தான் அதைச் சாக்கில் சுற்றி மரச்சுத்தியால் உடைப்பான். பையன் என்றால் அவனுக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு. ஒருநாள் உடைக்கும்போது ஒரு சில்லு தெறித்து அடுக்களை வாசலில் வந்து விழுந்தது. எதற்கென்று தெரியாமல் எடுத்து வாயில் போட்டேன். தலைக்குள் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. லேசாகச் சாளை மீன் வாடை. அதுவும் பிடித்திருந்தது.

பிறகு நிறுத்த முடியவில்லை. சோறு வேண்டாம், மீன் வேண்டாம், ஐஸ் வேண்டும். அதற்கு அப்படி ஒரு கொதி, அடங்காத ஆசை.

"மைனி, வீட்டுல எலி உண்டா?" என்று டைட்டஸ் கேட்டான்.

"இல்லியே. ஏன்?"

"ஐஸ் கொறையுது. ஐஸ் திங்கிற எலிய நான் இப்பதான் கேள்விப்படுகேன். அதும் நைட்டி போட்ட எலி."

நான் சிரித்துவிட்டேன். பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஆன்ட்ரூஸ் சிரிக்கவில்லை. கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"ஐஸ் தின்னாத" என்றார். ஐஸ் செலவாகிறதே என்று சொல்கிற குரல் அல்ல அது. பயந்தவனின் குரல்.

காரணம் அந்த வாரமே தெரிந்தது. பிரிஜாவின் அம்மா செசிலி மாமி தலைச்சுமையாக மீன் விற்பவர். மகள் போன பிறகும் எங்கள் முற்றத்தில்தான் மீன் எடுப்பார். ஆனால் நான் வந்த நாள் முதல் வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. என்னை முகம் நிமிர்ந்து பார்த்ததும் இல்லை. அன்று காலை நான் தண்ணித்தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து, ஐஸைத் துப்பட்டா முனையில் சுற்றிக் கடித்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டுத் திரும்பினால் மாமி நிற்கிறார். சாளை எல்லாம் மணலில் கிடக்கிறது.

"பிரிஜா" என்றார்.

"நான் பெபிஷா, மாமி."

அவர் காதில் அது ஏறவில்லை. கிட்ட வந்து என் தாடையைத் தொட்டார். "இதே தொட்டி. இதே குத்தவைப்பு. துணில சுத்தி எடது கடவாயில கடிக்கிறது கூட அதே மாறி. லேய் ஆன்ட்ரூஸு, இஞ்ச வா. வந்து பாரு, ஆரு இருக்கான்னு."

ஆன்ட்ரூஸ் வரவில்லை. அவர் முன்பே பார்த்திருந்தார்.

பொழுது சாய்வதற்குள் கடற்கரை முழுக்கப் பரவிவிட்டது. பிரிஜா வந்துவிட்டாள், பெபிஷாவுக்குள் இருக்கிறாள்.

நான் பத்தாம் வகுப்பில் அறிவியலில் நல்ல மார்க் வாங்கினவள். பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. ஆனாலும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததைச் சொல்கிறேன். அடுத்த அறையில் பிரிஜாவின் தையல் மெஷின் பெட்ஷீட் மூடிக் கிடந்தது. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் அது ஓடுகிற சத்தம் கேட்கும். தடக், தடக், தடக் என்று காலால் மிதிக்கிற சத்தம். மாடிக்குத் துணி காயப்போடப் போனால் பின்னாலேயே வேகமாக ஓடும். படியில் உட்கார்ந்தால் மெல்ல அடங்கும். ஒருநாள் துணிந்து போய் பெட்ஷீட்டை விலக்கிச் சக்கரத்தில் கை வைத்தேன். சில்லென்று அசையாமல் இருந்தது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. நான் எங்கே போனாலும் அவள் என்னோடு தைத்துக்கொண்டே வந்தாள்.

கண்ணாடி பார்ப்பதை விட்டேன். என் முகம் நாளுக்கு நாள் அந்தப் படத்து முகமாகிக்கொண்டு வந்தது. அதே வெளுப்பு, அதே உதடு.

செசிலி மாமி இப்போது தினமும் வீட்டுக்குள்ளேயே வந்தார். தூக்குவாளியில் ஐஸ் கொண்டுவருவார். மீன்வாடை இல்லாத நல்ல ஐஸ், கூல்டிரிங்ஸ் கடையில் கேட்டு வாங்கியது. "தின்னு மக்கா" என்று கையில் எடுத்துத் தருவார். என் தலையை மடியில் இழுத்து வைத்துப் பின்னிவிடுவார். பிரிஜா சின்னதில் நண்டு பிடித்தது, கோயிலில் முதல்முதலாக நன்மை வாங்கும் புதுநன்மைக்குத் தைத்த வெள்ளைக் கவுனில் மீன்குழம்பைக் கொட்டியது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். சொல்லிவிட்டு, "ஓர்ம இருக்கா?" என்று கேட்பார். இந்த வீட்டுக்கு வந்த பிறகு என் தலையை ஆசையாய்த் தொட்டவர் அவர் ஒருவர்தான். மறுக்க எனக்கு மனம் வரவில்லை, தெம்பும் இல்லை.

ஆன்ட்ரூஸ் ஒரு ஜெபக்காரரை ஏற்பாடு செய்தார். வெள்ளிக்கிழமை வந்து ஜெபித்து ஓட்டுவதாகப் பேச்சு. அதைக் கேட்டதும் மாமி முற்றத்தில் நின்று ஆடிவிட்டார்.

"எம் மொவள எவன்லே ஓட்டுவான்? இது அவ வீடு."

"மாமி, அவ வந்திருக்கது இவளையும் கூட்டிட்டுப் போவதுக்காக்கும். இவ மொகத்தப் பாருங்க."

"எம் மொவ ஒரு எறும்பையும் கொல்லமாட்டா. நீதான் அவள பாக்காம விட்ட."

"நான் என்னத்த பாக்காம விட்டேன்? காலத்த எழும்பி குளிக்கப் போனவ கெடந்து செத்துட்டா. ஹார்ட்டுன்னு சொன்னாவ. நான் என்ன டாக்டரா?"

என்னைப் பற்றித்தான் சண்டை. ஆனால் எனக்கு உடம்புக்கு என்ன என்று இருவரில் ஒருவரும் கேட்கவில்லை. அந்த மாசத்து உதிரம் அப்போது தொடங்கியிருந்தது. நானும் சொல்லவில்லை.

ஜெபக்காரர் வெள்ளைத்துணியும் மெழுகுதிரியும் கேட்டிருந்தார். வாங்குவதற்கு ஆன்ட்ரூஸ் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கோட்டாறு போனார். ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் சத்தம் காதை அடைத்தது. பிறகு கடை தூரமாகப் போய்விட்டது. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன், உடுப்பு முழுக்க நனைந்திருந்தது. கடைப்பெண்கள் நாங்கள் வாங்க வந்த வெள்ளைத்துணியையே என்மேல் போர்த்தியிருந்தார்கள். அது கொஞ்சங்கொஞ்சமாகச் சிவந்துகொண்டிருந்தது. ஆன்ட்ரூஸ் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியாஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டர் பெயர் சுபிதா. என்னைவிட இளையவர். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஆன்ட்ரூஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாசாமாசம் இப்படித்தான் போகுமா?"

நான் ஆன்ட்ரூஸைப் பார்த்தேன்.

"அவரப் பாக்காதீங்கம்மா. அவருக்கா போகுது? என்னப் பாத்துச் சொல்லுங்க."

"போவும் டாக்டர். கட்டிகட்டியா."

"மண்ணு, பச்சரிசி, சாக்பீஸ், ஐஸ், இப்படி வல்லதும் திங்கக் கொதி உண்டா?"

ஆன்ட்ரூஸின் கை கம்பியிலிருந்து வழுக்கியது.

"ஐஸ்" என்றேன்.

"காதுக்குள்ள தடக் தடக்னு ஒரு சத்தம்?"

"அது தையல் மெஷின், டாக்டர்."

"மெஷின் இல்ல. உங்க நெஞ்சு அடிக்கிற சத்தம். ரத்தம் தண்ணியா போனா, நெஞ்சு அத வேகமா எறைச்சு விடும். அந்த ஓட்டம் காதுல கேக்கும். மாடி ஏறுனா வேகமாகும், உக்காந்தா அடங்கும். சரியா?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிரிஜாவை முன்பின் அறியாத ஒரு பெண் அவள் வந்த அடையாளங்களை எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரத்தப் பரிசோதனை வந்தது. ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில் எனக்கு நாலு புள்ளி எட்டு இருந்தது. உடம்பில் இரும்புச்சத்து சேமிப்பே இல்லை என்றார். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நாரத்தங்காய் அளவுக்கு ஒரு தசைக்கட்டி தெரிந்தது. அதுதான் இத்தனை வருஷமாக ஒழுக வைத்தது.

"தொட்டியில ஓட்டை இருக்கு" என்றார் டாக்டர். "அத அடைக்காம தண்ணி விட்டுப் பிரயோஜனம் இல்ல. ஆனா தொட்டி இப்படி வத்திக் கெடக்கப்போ ஓட்டைய தொடவும் முடியாது. அதனால இன்னைக்கே ரத்தம் ஏத்துறோம். பொறவு இரும்புச்சத்து நரம்பு வழியா. போக்கு கொறைய மாத்திரை தனி. அளவு ஏறின பிறகு கட்டிய எடுப்போம். கர்ப்பப்பைய வச்சுக்கிட்டே எடுக்கப் பாப்போம்."

"ஐஸ் கொதி?"

"இரும்பு ஏறினா தானா போயிரும்."

ஆன்ட்ரூஸ் அப்போதுதான் வாய் திறந்தார். "டாக்டர், மூணு நாலு வருசம் முன்னால ஒருத்தி. இதே மாறி ஐஸ் தின்னா. குளிக்கப் போனவ விழுந்து செத்தா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அவங்களுக்கு மாசம் நிறைய போகுமா?"

"தெரியாது. நான் கேட்டதில்ல" என்றார்.

"பாக்காத ஆளப் பத்தி நான் ஒண்ணும் சொல்லக்கூடாதுங்க" என்று டாக்டர் மெல்லச் சொன்னார். சொல்லாமலே ஆன்ட்ரூஸுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. வெளியே போய் வராந்தாச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் நர்ஸ் ரத்தப் பையோடு வந்த சமயத்தில் செசிலி மாமி வார்டுக்குள் நுழைந்தார். மீன்வாடைக்குப் பக்கத்துக் கட்டில்காரி மூக்கைப் பொத்தினாள்.

"ஆரோட ரத்தம் அது?" என்றார் மாமி.

"ஆரோடதோ. அதெல்லாம் கேக்கப்படாது" என்றாள் நர்ஸ். "கைய நீட்டும்மா."

மாமி எனக்கும் நர்ஸுக்கும் நடுவில் வந்து நின்றார். ஆன்ட்ரூஸ் வெளியில் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருக்கிறார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் அதைக் கேட்டிருக்கிறார், ஆனால் ஏற்கவில்லை.

"நாளைக்கு ஏத்தச் சொல்லு மக்கா" என்று என் காதருகே குனிந்தார். "வேற ஆளு ரத்தம் உள்ள போனா அவ நிக்கமாட்டா. எனக்கு ஒரு ராத்திரி தா. அவ சாவும்போ நான் தக்கலையில மீன் வித்துட்டு நின்னேன். அவகிட்ட ஒரு வார்த்த பேசல்ல. ஒரு ராத்திரி போதும்."

நர்ஸ் பொறுமையில்லாமல், "அம்மா, டாக்டர் இப்பமே போடச் சொல்லியாச்சு. இவங்க தாங்கமாட்டாங்க" என்றாள்.

நான் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். செத்துப்போவேன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. டாக்டர் சொன்ன ஒவ்வொன்றும் புரிந்தது. ஆனாலும் மெஷின் சத்தம் காதில் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் எனக்குத் துணையாக இருந்தது அது ஒன்றுதான். ரத்தம் ஏறினால் அது போகும். மாமியும் போவார். பிறகு நான் அந்த வீட்டில் யாருமில்லாத வெறும் பெபிஷா. ஒரு ராத்திரிதானே என்று எனக்கும் தோன்றியது. அப்படித் தோன்றியதும்தான் பயம் வந்தது. பிரிஜாவும் இப்படித்தானே ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போட்டிருப்பாள்.

"நாளைக்கு வேண்டாம் மாமி" என்றேன். "கேக்கணும்னு இருக்கத இப்பமே கேளுங்க."

மாமி கட்டிலில் உட்கார்ந்தார். என் கையைத் தேடி எடுத்தார். ஊரெல்லாம் கேட்கக் கூவுகிற அந்தத் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"வலிச்சுதா, மக்கா?"

"இல்ல. தலை சுத்திச்சு. எல்லாம் தூரமா போச்சு. பொறவு ஒண்ணும் தெரியல்ல."

அது கோட்டாற்றுக் கடையில் எனக்கு நடந்தது. ஆனால் அதைச் சொன்ன குரல் என் குரலைவிட மெலிந்திருந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"சொல்லப்படாதுன்னு நீங்கதானே சொல்லித் தந்திய."

மாமி வாயைப் பொத்திக்கொண்டார். எல்லா அம்மாக்களும் சொல்லித் தருவதுதான் அது, என் அம்மா எனக்குச் சொன்னதுதான். இருந்தாலும் அந்தப் பதில் என் வாய்க்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை.

நர்ஸ் பக்கம் கையை நீட்டினேன். ஊசி இறங்கியது. மாமி எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார்.

ரத்தம் ஏற ஏற மெஷின் மெதுவானது. இரண்டாவது பை முடியுமுன் நின்றுவிட்டது. வார்டின் மின்விசிறிச் சத்தம் அப்போதுதான் முதன்முதலாகக் காதில் விழுந்தது. நான் அழுதேன். உடம்பு தேறுகிறது என்கிற சந்தோஷத்தில் வந்த அழுகை என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

அடுத்து இரும்புச்சத்து டிரிப். கறுத்த தவிட்டு நிறம். "பாத்தியா, உனக்குக் கட்டன்சாயா ஏத்துகேன்" என்றாள் நர்ஸ். "ஆனா வீட்டுல போய் மாத்திரைய சாயாவோட முழுங்கப்படாது, கேட்டியா? சத்து உள்ள சேராது. எலுமிச்சங்கா புழிஞ்ச நாரங்காத்தண்ணி குடி. பொறவு, வெளிக்கி கறுப்பாத்தான் போவும். ஆரோ செய்வினை, கூடோத்திரம் வச்சாச்சுன்னு ஆரையும் கூட்டிட்டு வந்துராதீங்க." வார்டே சிரித்தது. ஆன்ட்ரூஸ் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். ஜெபக்காரரை வரவேண்டாம் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் டைட்டஸ் ஐஸ் உடைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சில்லுகள் காலடியில் வந்து விழுந்தன. ஒன்றும் தோன்றவில்லை. வெறும் ஐஸ், கிடந்து கரைந்தது.

என்னைவிட்டுப் போனது ஆன்ட்ரூஸைப் பிடித்துக்கொண்டது. ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டால் முற்றத்தை விட்டு எழுந்து போய்விடுவார். கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருந்த கொடியை ஒரு மத்தியானம் அவரே கண்டுபிடித்தார். அதன் அடியில் வெகுநேரம் நின்றார். பிறகு அவிழ்த்துக் கொண்டுவந்து முற்றத்தில், வெயில் விழுகிற இடத்தில் கட்டினார். எனக்கு மாத்திரை எடுத்துத் தருவார், சாப்பிட்டேனா என்று இரண்டு தரம் கேட்பார். இரண்டாம் தரம் கேட்கும்போது கண் என்மேல் இருக்காது. செசிலி மாமி மீன் எடுக்கவும் வரவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. எங்கள் ஊர்க் கல்லறைத்தோட்டம் கடலை ஒட்டி மணலில்தான் இருக்கிறது. மாலையில் ஊரே பூவும் திரியுமாக அங்கே நின்றது. காற்றுக்கு மறைப்பாக ஓலைக்கீற்று நட்டிருந்தார்கள். மைக்கில் பங்குச் சாமியார் இறந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். பிரிஜாவின் கல்லறைப் பக்கத்தில் செசிலி மாமி மணலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆன்ட்ரூஸ் திரியைப் பற்றவைத்தார்.

மாமி சிலுவையோடு பேசிக்கொண்டிருந்தார்.

"அப்போ நீ வரல்ல, இல்லியா? வந்தது உன் தீனமாக்கும், உனக்கு இருந்த நோவு. நீயின்னு நெனச்சு உன் தீனத்துக்கு நான் ஐஸ் வாங்கி ஊட்டியிருக்கேன், ஏட்டி. நீ இருந்தப்பவும் அப்படித்தானே? கேட்டதும் எடுத்துத் தந்தேன். எதுக்கு திங்கியன்னு ஒரு வார்த்த கேட்டேனா?"

அவர் தோளைத் தொடலாமா என்று நான் தயங்கி நின்றேன். அவரே திரும்பினார். தக்கலைத் தெருக்களில் மாடி வீடு வரை கேட்கிற குரல் அவருக்கு. அந்தக் குரலை முழுசாக எடுத்தார்.

"பெபிஷா! இந்த மாசம் தீட்டு வந்துட்டா?"

பக்கத்துக் கல்லறைகளில் நின்ற ஆண்கள் தலையைத் திருப்பினார்கள். என் பெயர் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"வந்துட்டு, மாமி."

"ஒரு நாளைக்கு எத்தன துணி?"

நான் ஆன்ட்ரூஸைப் பார்த்தேன்.

"அவன் கேக்கட்டும். எல்லாவனும் கேக்கட்டும். சொல்லு."

சொன்னேன். முன்னைக்குப் பாதி என்றேன், மாத்திரைக்குக் குறைந்திருக்கிறது என்றேன். கட்டி வருவது நின்றிருக்கிறதா என்று கேட்டார். அதையும் சொன்னேன். ஒரு பெண் தன் புருஷனின் கையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். இன்னொருத்தி போகாமல், திரியைக் கையால் மறைத்துக்கொண்டு கிட்ட வந்து நின்று கேட்டாள்.

"ஆப்பரேசனுக்கு ஆரு கூட இருப்பா?"

"அவரு இருப்பாரு மாமி."

"அவன் வெளிய இருக்கட்டும். உள்ள நான் இருக்கேன்."

ஆன்ட்ரூஸ் மணலில் முட்டி போட்டு, பிரிஜாவின் கல்லறைமேல் குனிந்து, உதட்டை அதன் பக்கத்தில் கொண்டுபோய் ஏதோ கேட்டார். அலைச்சத்தத்தில் எனக்குச் சொற்கள் பிடிபடவில்லை. கேட்டுவிட்டுக் காதைக் கல்லில் வைத்துக்கொண்டார். சாமியார் பெயர்களை வாசித்து முடித்து, ஆட்கள் கலைந்து, மாமி என் கையைப் பிடித்து எழுந்த பிறகும் அவர் அப்படியே இருந்தார்.